கில்ன் மானியத்தை நம்பி இறங்கலாமா?

வணக்கம். இங்கிலாந்தில் சிறிய அளவில் விறகு விற்கிறீர்கள், பக்கத்து வியாபாரி அரசு மானியத்தில் கில்ன் (விறகைச் சூடேற்றிக் காயவைக்கும் அடுப்பறை) ஓட்டி விலையைக் குறைக்கிறார், நானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மானியத்தை நம்பி வாங்காதீர்கள். அவருக்கு வருவது பெரும்பாலும் ஆர்.எச்.ஐ. (விறகு போன்ற புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் வெப்பம் உண்டாக்குவோருக்கு அரசு தரும் ஊக்கத்தொகை) பணமாக இருக்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வணிகப் பிரிவை 2021 மார்ச் 31-ஓடு புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு 20 ஆண்டு வரை பணம் வரும். விறகை எரித்து விறகைக் காயவைக்கக் காசு கொடுத்த கூத்து, என்ன சொல்ல!

சரி, சட்டம் கேட்பது என்ன? 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) சான்றும் வேண்டும். கில்னில் காய்ந்ததா காற்றில் காய்ந்ததா என்று பார்ப்பதில்லை. ஆஷ் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி, உடனே பிளந்து, மேலே கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்கினால் ஒரு நல்ல கோடையிலேயே பெரும்பாலும் தேறிவிடும். ஓக் குறைந்தது இரண்டு கோடை கேட்கும்.

ஈரப்பதம் அளக்கும் மீட்டரைக் கட்டையின் வெட்டுமுனையில் குத்தாதீர்கள், அங்கே காய்ந்த மாதிரியே காட்டும். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தின் நடுவில் குத்துங்கள்.

அப்புறம், 2 கன மீட்டரோ அதற்கு மேலோ மொத்தமாகக் கொடுத்தால் ஈர விறகையும் விற்கலாம். எப்படிக் காயவைப்பது, எப்படி அளப்பது என்ற குறிப்பைக் கூடவே கொடுக்க வேண்டும். வீட்டில் இடமுள்ள வாடிக்கையாளர்களுக்கு வசந்த காலத்திலேயே அப்படித் தள்ளிவிட்டால் உங்கள் கொட்டகையில் இடமும் மிஞ்சும்.