இந்தியாவில் வக்கீல்கள் ஏன் விளம்பரம் செய்வதில்லை?

அமெரிக்காவில் சாலையோரம் எல்லாம் வக்கீல் விளம்பரம், இங்கே ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே தடை இருக்கிறது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதி 36-ன்படி விளம்பரம் கொடுத்தோ தரகர் வைத்தோ வழக்கு பிடிக்கக் கூடாது. பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும், முன்னாள் நீதிபதி என்று அதில் போட முடியாது. 2008-ல் கொஞ்சம் தளர்த்தி, பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு எடுப்பார் போன்ற சில அடிப்படை விவரங்களை மட்டும் இணையதளத்தில் போடலாம் என்றார்கள்.

அமெரிக்காவிலும் முன்பு தடைதான். 1976-ல் அரிசோனாவில் பேட்ஸ், ஓஸ்டீன் என்ற இரண்டு வக்கீல்கள், இருவரும் சம்மதிக்கும் விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட் கட்டணம் 20 டாலர் தனி என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். பார் கவுன்சில் மாதிரியான அமைப்பு நடவடிக்கை எடுக்க, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் 5-4 என்ற கணக்கில் அது பேச்சுரிமைதான் என்று தீர்ப்பானது. அப்புறம்தான் அங்கே விளம்பரம் பெருகியது.

இங்கே 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டு அவர்கள் சேவையை விற்கும் இணையதளங்களைக் கண்டித்தது. அது சரி. ஆனால் கட்டணத்தைக்கூட வெளியே சொல்ல விடாதது எனக்கு ஒப்பவில்லை. முதல் தடவை கோர்ட் வாசலுக்கு வருகிறவர் விவரம் தெரியாமல் தரகர் கையில்தான் மாட்டுகிறார்.