கம்பங்கூழ் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. உசிலம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன; இரத்தக் கொதிப்பும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் அரிசியை அறவே விட்டுவிட்டேன். காலையில் கம்பங்கூழ், மதியம் குதிரைவாலிச் சோறு, இரவில் சாமை உப்புமா, காபிக்கும் கருப்பட்டிதான். சர்க்கரைக்கு நான் எடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு மூன்று மாதங்களாக அதை நிறுத்தியிருக்கிறேன். கொதிப்பு மாத்திரையை மட்டும் விடவில்லை. ஆனால், 7.6 ஆக இருந்த ஹெச்பிஏ1சி இப்போது 8.7 ஆகிவிட்டது, இரத்த அழுத்தமும் 150/94 காட்டுகிறது. சிறுதானியம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? 27 வயதாகும் என் மகனுக்கு இந்த நோய் வராமல் உணவால் தடுக்க முடியுமா?

பதில்: சிறுதானியம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. நீங்கள் தானியத்தை மாற்றினீர்கள். அளவை மாற்றவில்லை என்று நினைக்கிறேன். அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டீர்கள். ஹெச்பிஏ1சி என்பது இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு. நீங்கள் மாத்திரை இல்லாமல் கழித்த அதே மூன்று மாதங்களின் கணக்குதான் இந்த 8.7.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அச்சத்தால் கெட்டுப்போன சிறுநீரகங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு அந்த மருந்து உடலிலிருந்து சரியாக வெளியேறாது என்பதால், மருத்துவர்கள் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு அப்படி நிறுத்தியதைப் பார்த்தவர்கள், மாத்திரையால்தான் சிறுநீரகம் போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் சிறுநீரகத்தை அரிப்பவை கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத கொதிப்பும்தான். இன்று உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பரிசோதித்துக்கொண்டு, அவர் சொல்லும் அளவில் மாத்திரையை மீண்டும் தொடங்குங்கள். கடையை விட்டு வர முடியவில்லை என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி கூழுக்கு வருவோம். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கம்பில் ஏறத்தாழ 62 கிராம், சாமையிலும் வரகிலும் 65 கிராமுக்குச் சற்று மேல். அதாவது 100 கிராம் கம்பு தரும் மாவுச்சத்து, 80 கிராம் அரிசி தருவதற்குச் சமம். கம்பில் நார்ச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம், இரும்புச்சத்தும் கூடுதல் என்பதால் அது மேலான தானியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நல்லது என்ற நம்பிக்கையிலேயே ஒரு கும்பா குடித்த இடத்தில் ஒரு செம்பு குடித்தால், அந்த மேன்மை அங்கேயே கரைந்துவிடுகிறது. அதைவிட, முழுத் தானியமாக வேகவைத்து மென்று தின்பதற்கும், மாவாக அரைத்து, நொய்யரிசியும் சேர்த்துக் குழையக் காய்ச்சிக் குடிப்பதற்கும் வேறுபாடு உண்டு: மாவு எவ்வளவு நுண்மையோ, வேக்காடு எவ்வளவு குழைவோ, அவ்வளவு விரைவாகச் சர்க்கரை இரத்தத்தில் ஏறும். குதிரைவாலியும் அப்படித்தான். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் காடுகளில் விளைகிற குதிரைவாலி நல்ல தானியம்; ஆனால், வெள்ளை வெளேரென்று தவிடு நீங்கத் தீட்டி விற்கப்படும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. கடை வைத்திருப்பவர் நீங்கள். குறைவாகத் தீட்டிய, மங்கலான நிறத்துக் குதிரைவாலியை வரவழைப்பது உங்களுக்குக் கடினமன்று.

உங்கள் கடைத் தராசிலேயே ஒரு வேளைக்கு 50 முதல் 60 கிராம் தானியத்தைச் சமைக்கும் முன் நிறுத்துப் பாருங்கள். அது குறைவாகத் தோன்றும். பசியாற்ற வேண்டியது தானியம் மட்டும்தான் என்று பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. தட்டில் பாதியைக் கத்தரி, அவரை, சுரை, பீர்க்கு, கீரை என்று காய்களுக்கு விடுங்கள். கால் பகுதியில் தட்டைப்பயறோ மொச்சையோ கொள்ளோ, அல்லது முட்டையோ குழம்பு மீனோ இருக்கட்டும். மிஞ்சிய கால் பகுதிதான் சோற்றுக்கு. காயையும் பயறையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சாப்பிட்டதும் கல்லாவில் உட்காராமல் பதினைந்து நிமிடம் நடங்கள். இப்படி அளந்து உண்டால், அரிசியை அறவே விலக்க வேண்டிய தேவைகூட இல்லை.

கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. காபியில் எதையும் சேர்க்காதீர்கள்.

உங்கள் கொதிப்பு ஏறியதற்கும் கூழுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். கூழுக்கு உப்புப் போட்ட மோர், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூழோடு சேரும் இவையே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். இந்துப்புக்கு மாறினாலும் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். மோர்மிளகாய்க்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளுங்கள். காய், பழம், கொழுப்பு குறைந்த பால்பொருள்கள் நிறைந்த உணவைக் கொடுத்து 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கொதிப்பு உள்ளவர்களின் மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகள் இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அது நிகர். அதனால்தான் உணவை நான் மருந்துக்குப் பகையாகப் பார்ப்பதில்லை; இரண்டும் ஒரே பக்கம் இழுக்க வேண்டியவை.

மாத்திரையே இல்லாமல் வாழ முடியாதா என்ற ஆசை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டு முடிவில் மருந்தின்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஆனால், அவர்கள் நோய் வந்து ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள்; மாத்திரைகளை நிறுத்தியதும் மருத்துவர்களே, கண்காணிப்போடு. ஒன்பது ஆண்டுகள் கடந்த உங்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்கும் வாய்ப்பு நிச்சயம் இருக்கிறது.

உங்கள் மகனின் நிலை வேறு. அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது. வயிற்றின் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று டேப்பால் அளந்து பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சென்னையில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான இந்திய ஆய்வில், நோயின் எல்லையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மட்டும் சீர்செய்ததிலேயே மூன்றாண்டுகளில் நோய் வருவது 28 விழுக்காடு குறைந்தது. எடையையும் குறைத்த அமெரிக்க, ஃபின்லாந்து ஆய்வுகளில் அது 58 விழுக்காடு. இரவு பத்து மணிக்கு மேல் பரோட்டாவும் சால்னாவும் என்ற பழக்கம் அவருக்கு இருந்தால், அதை வாரத்தில் ஒரு நாளாக்குவதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 80 கிலோ இருக்கிறார் என்றால் ஐந்து கிலோ இறங்கினால் போதும், அபாயம் பெரிதாகக் குறையும்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மீண்டும் பாருங்கள். அதற்கு முன், கடைசியாகக் கண் விழித்திரையைப் பரிசோதித்து ஓராண்டு ஆகியிருந்தால், கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.