‘பிழை’ என்றால் குற்றம். பிறகு ‘உயிர் பிழைத்தான்’ என்கிறோமே, அது எப்படி?

இரண்டும் ஒரே வினைச்சொல்தான். பிழைத்தல் என்பதற்குக் ‘குறி தவறுதல்’ என்றும் ஒரு பொருள் உண்டு. 772ஆம் குறளைப் பாருங்கள்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலை ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர். இந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். வேல் பிழைத்தது, அதனால் யானையும் பிழைத்தது. எறிந்தவன் பக்கம் தவறு, யானையின் பக்கம் உயிர். ‘தப்பு’ என்ற சொல்லிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது: தப்பு செய்தான், தப்பி ஓடினான். ‘தப்பிப் பிழைத்தான்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது.

சிலப்பதிகாரத்தின் ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்ற அடியில் பிழைத்தோர் என்றால் நெறி தவறியவர்கள். உயிர் தப்பியவர்கள் என்று படித்தால் காப்பியமே தலைகீழாகிவிடும்.

இன்றைய வழக்கில் ‘பிழை’ குற்றத்தைவிட மென்மையானது. எழுத்துப்பிழை என்போம், எழுத்துக்குற்றம் என்பதில்லை. கொலையைக் குற்றம் என்போம். பிழை என்றால் அதன் கனம் குறைந்துவிடும். தமிழ்நாட்டில் பேச்சில் ‘தப்பு’ என்று சொல்லுமிடத்தில் ஈழத்தமிழர் இன்றும் இயல்பாகப் ‘பிழை’ என்கிறார்கள்.