பிளக் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை: அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1997 மாடல் பெட்ரோல் பிக்கப் டிரக். ஆறு சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வைத்த இன்ஜின். ஐடிலிங்கில் வண்டி குலுங்குகிறது; பாரத்தோடு மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம். லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 6 கூடத் தருவதில்லை. பிளக், ஏர் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் பி0303 என்று வருகிறது. பெட்ரோலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்குப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதிய அடையாளங்களில் ஒன்றுகூட ஆறு இன்ஜெக்டரும் போய்விட்டதாகச் சொல்லவில்லை. பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் எரியாமல் விட்டுப்போகிறது, என்று மட்டும்தான் அர்த்தம். காரணம் என்ன என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆறுமே பழுதாகியிருந்தால் ஒரே ஒரு சிலிண்டரின் எண் மட்டும் ஏன் வருகிறது என்று உங்கள் மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

மைலேஜ் குறைந்ததும் மிஸ்ஸிங்கும் இரண்டு தனி வியாதி என்று நினைத்துத்தான் பலர் இரண்டு மடங்கு செலவு செய்கிறார்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், உள்ளே போன காற்று அப்படியே புகைக்குழாய் வழியாக வெளியேறும். ஆக்ஸிஜன் சென்சார் அளப்பது ஆக்ஸிஜனை மட்டுமே, எரியாத பெட்ரோல் அதன் கண்ணில் படாது. ஆக்ஸிஜன் அதிகமாகத் தெரிந்ததும் 'பெட்ரோல் போதவில்லை' என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர், ஒழுங்காக ஓடும் சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் போவது இப்படித்தான். நீங்கள் கழற்றிப் போட்ட பழைய சென்சார் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

ஈரத்தில் மோசமாகிறது, பாரத்தில் மோசமாகிறது என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதற்குள் சுழலும் ரோட்டர், பிளக் ஒயர் ஆகியவற்றைத்தான். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். ஒயரிலோ கேப்பிலோ விரிசல் இருந்தால், மின்சாரம் சிரமமில்லாத அந்த வழியில் இறங்கிவிடும். ஈரம் அதற்கு இன்னும் வசதி செய்து கொடுக்கும்.

இதைப் பார்க்கக் காசு செலவில்லை. இருட்டிய பிறகு, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஐடிலிங்கில் விடுங்கள். பூவாளிக் குழாயில் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மின்சாரம் ஒழுகும் இடத்தில் நீலப் பொறி தெரியும், சடசடவென்று சத்தமும் கேட்கலாம். ஓடும்போது ஒயரைக் கையால் தொடாதீர்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுக் கேப்பைக் கழற்றி, டார்ச் அடித்து உட்புறம் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புத் தடம் இருந்தால் அந்தக் கேப் தேறாது. துடைத்துப் போட்டாலும் தடம் மறுபடி மின்சாரத்தை இழுக்கும். கேப், ரோட்டர், ஒயர் செட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தைப் பழசாகவே விட்டால் அடுத்த மழையில் திரும்ப வருவீர்கள்.

அங்கே குறை தெரியவில்லை என்றால், மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வேறொரு சிலிண்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒயர் நீளம் எட்டினால் அதையும் அப்படியே இடம் மாற்றலாம். எண் பி0303-இலிருந்து வேறு சிலிண்டருக்கு நகர்ந்தால் குற்றவாளி கையிலேயே சிக்கிவிட்டது. நகரவில்லை என்றால் அடுத்து இன்ஜெக்டர். ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியில் காதை வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். மற்ற ஐந்தும் அடித்து மூன்றாவது மட்டும் அடிக்காமல் இருந்தால், அதற்குப் போகும் ஒயரையும் பார்த்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசியாகக் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. பழைய வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது, இதில் தேறாத இன்ஜினுக்கு எத்தனை பொருள் வாங்கினாலும் வீண்தான். எல்லாச் சிலிண்டரையும் அளந்தால், மிகக் குறைந்தது மிக அதிகத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவது குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

மிஸ்ஸிங் நின்ற பிறகும் மைலேஜ் திரும்பவில்லையா? அப்போது தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள், இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் நீரை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது, பலரும் மறக்கும் பொருள். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடே ஏறாது. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம் கால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் 60 டிகிரியிலேயே நின்றால் சந்தேகம் வேண்டாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மைனஸ் 40 என்று காட்டினால் கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது.

அந்த மாதிரி ஸ்கேனர் ஒன்றை வாங்குவதைத்தான் நான் முதல் செலவாகச் சொல்வேன். எண்ணை மட்டும் காட்டும் மலிவுக் கருவி போதாது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் ஓபிடி-2 (வண்டியின் கம்ப்யூட்டரே பழுதைக் கவனித்து ஸ்கேனருக்கு எண்ணாகச் சொல்லும் முறை) கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்து. உங்கள் வண்டியில் பி0303 வந்திருப்பதால் அந்த வசதி இருக்கிறது.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். பழுது கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி, பொருள் மாற்றத் தனிக் கூலி. அப்புறம், எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும் 'எந்த டெஸ்டில் இது தெரிந்தது?' என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், கூப்பிட்டுக் காட்டுவார்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு சில நேரம் விட்டு விட்டு மின்னுகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: விளக்கு நின்று எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடந்துகொண்டிருக்கிறது. உடனே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துங்கள், பாரம் இழுக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் பீங்கான் அடுக்கு உருகிவிடும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதிது போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். பழையது அடைத்திருக்கிறதா என்று பார்க்க அழுத்தமானி உண்டு: முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, 2500 ஆர்பிஎம்மில் அழுத்தம் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மிஸ்ஸிங் எதுவும் இல்லை. பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. இன்ஜினைக் காட்ட வேண்டுமா?

பதில்: முதலில் கணக்கைச் சரிபாருங்கள். டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால், மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 105 கி.மீ. ஓடியிருக்கும். அந்த 5 உங்கள் கணக்கில் விழுவதே இல்லை. டேங்க்கை முழுசாக நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பி, மீட்டர் தூரத்தை 1.05-ஆல் பெருக்கி, ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அதன் பிறகும் குறைந்தால், கனமான அகல டயரைச் சுழற்றும் செலவு அது. காற்றழுத்தம் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது.