கம்பளி நீச்சலுடை தொங்கியது பின்னியவர் குற்றமில்லை

கேள்வி: 1930, 40களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உல்லன் நூலில் பின்னிய நீச்சலுடை போட்டுக் கடலில் இறங்கியிருக்கிறார்கள். நனைந்ததும் முழங்கால் வரை தொங்குமாம், கேலிப் படங்கள் சுற்றுகின்றன. இதுகூடவா தெரியாமல் இருந்தார்கள்?

பதில்:

தெரியும். வேறு நூல் இல்லை, அவ்வளவுதான். நைலானை உலகத்துக்கு அறிவித்ததே 1938-ல். இன்று லைக்ரா என்று சொல்கிறோமே, அந்த ஸ்பான்டெக்ஸ் வந்தது 1958-ல். அதற்கு முன் இருந்தவை பருத்தி, பட்டு, ரேயான், கம்பளி. ரேயான் நனைந்தால் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மெல்லிய பருத்தி உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். 1922-ல் வாஷிங்டன் நீச்சல் கரையில் டேப் வைத்து, முழங்காலுக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டுகிறதா என்று பெண்களின் உடையை அளந்த காலம் அது. நனைந்தாலும் உள்ளே காட்டாத, குளிர்ந்த தண்ணீரில் சூடு காக்கிற துணி என்று பார்த்தால் அடர் நிறக் கம்பளிதான் மிஞ்சியது.

நீங்கள் பெரும்பாலும் அந்தப் படத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். துணிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்பளி நார் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் ஒரு சதவீதம்கூட இழுக்காது. ஆனால் தொங்கலுக்கு முக்கியக் காரணம் நாருக்குள் போன ஈரம் இல்லை, லூப்புகளுக்கு (பின்னலின் கண்ணிகளுக்கு) நடுவே தேங்கும் தண்ணீர். கடலுக்குள் இருக்கும்வரை அந்த எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், உடை ஒழுங்காகத்தான் இருக்கும். கரையேறுகிற நொடியில் மொத்தப் பாரமும் இரண்டு தோள்பட்டைகளுக்கு வந்துவிடும். ஈரக் கம்பளி எளிதாக நீளும். லூப்பின் இரண்டு கால்களும் நேராகின்றன, அகலம் சுருங்கி நீளம் கூடுகிறது. நெய்த துணியில் நீள வாக்கில் பாவு நூல் பிடித்து நிறுத்தும். பின்னல் துணியில் பிடிக்க எதுவும் இல்லை.

இதற்கு அன்றைக்கே வழி தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்டில், பிறகு ஜான்ட்சன் என்று பெயர் மாறிய கம்பெனி, 1913 வாக்கில் ஒரு படகோட்டி கேட்டதற்காக ஸ்வெட்டரின் கைமுனைக்குப் போடும் ரிப் பின்னலிலேயே கால்சட்டை செய்து கொடுத்தது. நீச்சலுடை அதிலிருந்து வளர்ந்ததுதான். ரிப்பில் முன் லூப் வரிசையும் பின் லூப் வரிசையும் மாறி மாறி வருவதால் துணி அகலத்தில் தானாக ஒடுங்கி உடம்பைப் பிடிக்கும். நீளவாக்குத் தொங்கலை அது முழுதாக நிறுத்தாது, ஆனால் இடுப்பில் பிடிப்பு இருந்தால் தோளில் பாரம் குறையும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் இழையின் மேல் நூல் சுற்றிச் செய்த லாஸ்டெக்ஸ் வந்ததும் மில் உடைகளில் பிரச்சினை நன்றாகவே குறைந்தது.

கேலிக்கு ஆளானவை பெரும்பாலும் வீட்டில் கையால் பின்னியவை. அங்கே தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. 4 பிளை என்ற மெல்லிய கம்பளி நூலுக்கு ஸ்வெட்டர் கணக்கில் 3.25 மி.மீ. ஊசி எடுத்தால் துணி தளர்ந்துவிடும், நீச்சலுடைக்கு 2.5 அல்லது 2.75 தான் சரி. தோள்பட்டையைக் கார்ட்டர் பின்னலில் (எல்லா வரிசையும் ஒரே மாதிரி பின்னுவது) போடக்கூடாது, நீள வாக்கில் அதிகம் இழுபடுவது அதுதான். பட்டைக்குப் பின்னால் பருத்தி நாடா வைத்துத் தைத்தால் நீளாது. மூன்றாவது, உடம்பளவுக்குச் சரியாகப் பின்னுவது. மார்பளவில் 5 முதல் 8 செ.மீ. குறைத்துப் பின்ன வேண்டும்.

‘திருப்பூர்க்காரன், பின்னல் துணிக்கு வக்காலத்து வாங்குகிறான்’ என்று யாராவது கமெண்ட் போடலாம். பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 80களின் வௌவால் கை ஸ்வெட்டர் அசல் வடிவக் குறைதான். அக்குளில் அவ்வளவு துணி மடிந்தால் மேலே கோட் போடவே முடியாது. அதைக் கேலி செய்யுங்கள். ஆனால் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்கு ரேஷன். உல்லன் நூலுக்கும் கூப்பன் வெட்ட வேண்டும். பழைய ஸ்வெட்டரின் தையலைப் பிரித்து, நூலை உருவிச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, அலசி, சுருள் போக அடியில் சின்ன எடை தொங்கவிட்டுக் காயவைத்து மறுபடி பின்னியவர்கள் அவர்கள். அந்தக் கையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

     

பின்னிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று பின்னுங்கள். நடுவில் நீள வாக்கில் 10 செ.மீ. இடைவெளிக்குக் கலர் நூலால் குறி வையுங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு, பிழியாமல், மேலே கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கீழே 100 கிராம் எடை மாட்டுங்கள், ஏனென்றால் முழு உடையில் அடிப்பக்கப் பாரம் துண்டில் இருக்காது. பத்து நிமிடம் கழித்து அளந்தால் குறி 12 செ.மீ. ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 65 செ.மீ. உடை 78-க்குப் போகும். 11-க்கு மேல் போனாலே ஊசியைக் கால் மி.மீ. குறைத்து மறுபடி பின்னுங்கள், அல்லது எலாஸ்டேன் (மேலே சொன்ன ஸ்பான்டெக்ஸ்தான்) கலந்த பருத்தி நூலுக்கு மாறுங்கள். நீந்திவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் மட்டும் போடாதீர்கள்.