ரெம்பிராண்டின் முடிக்கப்படாத கை

ஓவியர் ஒருவர் தம்மைத் தாமே வரைந்த படம் உங்கள் மனத்தைத் தொட்டதுண்டா, பின்னணியை அறிந்தபின் அது வேறாகத் தெரிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படி அமைந்தது, லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியின் கென்வுட் மாளிகையிலுள்ள, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரண்டு வட்டங்களுடன் தன்னுருவம்’.

அவருடைய வாழ்க்கையை ஓரளவு படித்துவிட்டுப் போனதால், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே தளர்ந்திருந்த அந்த முகத்தில் நான் துயரத்தையே தேடினேன். 1639இல் 13,000 கில்டருக்கு (அக்கால டச்சு நாணயம்) வாங்கிய ஆம்ஸ்டர்டாம் வீட்டின் கடனை அடைக்க முடியாமல் 1656இல் அவர் நொடித்துப்போனார். வீடும், ஆசையாகச் சேர்த்த கலைப்பொருள்களும் ஏலத்திற்குப் போயின. 1663இல் துணைவி ஹென்ட்ரிக்யேவும் 1668இல் மகன் டைட்டஸும் இறந்தார்கள். இந்த ஓவியம் ஏறத்தாழ 1665க்கும், அவர் மறைந்த 1669க்கும் இடைப்பட்டது. ஆகவே பரிதாபத்தோடுதான் அதன்முன் நின்றேன்.

என் பார்வையை மாற்றியது எக்ஸ் கதிர்ப் படம் பற்றிப் பின்னர் படித்த செய்தி. கண்ணாடியில் தெரிந்தவாறே, தூரிகை பிடித்து உயர்ந்த கையை அவர் முதலில் ஓவியத்தின் வலப்பக்கத்தில் வரைந்திருக்கிறார். பிறகு, பிறர் கண்ணுக்குத் தாம் எப்படித் தெரிவோமோ அப்படி அமையும்பொருட்டு அதன்மேல் வண்ணம் பூசி, அங்கே வண்ணத்தட்டும் தூரிகைகளும் தாங்கிய இடக்கையை வைத்திருக்கிறார். அந்தக் கைக்கு விரல்கள்கூடத் தெளிவாக இல்லை. சில வேகமான தீற்றல்களே உள்ளன. முகத்திலோ சாயம் தடித்துப் படிந்திருக்கிறது. மீசை மயிர்களை ஈரச் சாயத்தில் தூரிகையின் பின்முனையால் கீறியே காட்டியிருக்கிறார். இழப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு மனிதர் எதை விரித்து வரைய வேண்டும், எதைக் கோடி காட்டி விட்டுவிடலாம் என்று இவ்வளவு உறுதியோடு முடிவெடுத்திருப்பதை உணர்ந்தபோது, என் பரிதாபம் மரியாதையாக மாறியது.

பின்னாலுள்ள இரு வட்டங்களுக்கு முடிந்த விளக்கம் இல்லை. உலக வரைபடத்தின் அரைக்கோளங்கள் என்பார்கள். கருவியின்றி ஒரே வீச்சில் வட்டம் வரைந்து திறமையைக் காட்டிய பழைய இத்தாலிய ஓவியர் ஜியோட்டோவின் கதையை நினைவூட்டுபவை என்பாரும் உண்டு. கையை அப்படி விட்டுவிடத் துணிந்தவருக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துவதாக நான் கருதுகிறேன். மறுமுறை போனபோது முகத்தைவிட அந்தக் கையின் அருகில்தான் அதிக நேரம் நின்றேன்.