2025 சைக்கிள் சீசன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஐரோப்பாவில் சீசன் முடிந்துவிட்டது. கோலாலம்பூரில் ஞாயிறு தோறும் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டும் நம் குழுவில் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (பத்துமலை புதுமுகம்): அண்ணே, காற்பந்து என்றால் லீக் இருக்கிறது, கோப்பை இருக்கிறது. சைக்கிளில் ‘சீசன்’ என்றால் என்ன? கடைசியில் யார் சாம்பியன்?

பதில்: ஒரே சாம்பியன் என்று யாரும் கிடையாது தம்பி. ஜனவரியில் அடிலெய்டில் டூர் டவுன் அண்டர் நடக்கும். மார்ச், ஏப்ரலில் பெல்ஜியம், வட பிரான்ஸ், இத்தாலி பக்கம் ஒருநாள் போட்டிகள். மே மாதம் இத்தாலியில் ஜிரோ, ஜூலையில் டூர் டி பிரான்ஸ், ஆகஸ்டு கடைசியில் ஸ்பெயினில் வுவெல்டா. இந்த மூன்றும் தலா மூன்று வாரம் ஓடும். அப்புறம் உலகச் சாம்பியன்ஷிப், அக்டோபரில் லொம்பார்டியா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெற்றியாளர்.

ஒருநாள் போட்டிகளில் ஐந்துக்குத் தனி மரியாதை உண்டு: மிலான்–சான் ரெமோ, ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், லொம்பார்டியா. ‘மானுமென்ட்’ என்பார்கள். 2025-இல் ஸ்லோவேனியாவின் போகாச்சார் மூன்றை எடுத்தார், நெதர்லாந்தின் வான் டெர் பூல் இரண்டை எடுத்தார். மற்ற அத்தனை பேரும் வெறுங்கை. போகாச்சார் தோற்ற இரண்டிலும்கூட முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டார்.

கேள்வி (செந்தூல் அக்கா): அதைத்தான் கேட்கிறேன் தம்பி. அவரே டூரும் ஜெயிக்கிறார், உலகச் சாம்பியனும் ஆகிறார். தெரிந்த முடிவுக்கு யாராவது தூக்கம் கெட்டு உட்கார்வார்களா?

பதில்: அக்கா, டூரைப் பொறுத்தவரை உங்களோடு சண்டை போட மாட்டேன். இரண்டாவது வாரத்திலேயே கதை முடிந்துவிட்டது. கிகாலியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பிலும் முடிவுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். அந்தப் போட்டியை முடித்தவர்களே 30 பேர்தான்.

ஆனால் ஜிரோவை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். போகாச்சார் அங்கே வரவில்லை. கடைசிக்கு முந்தின நாள், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் பிங்க் ஜெர்சி மெக்சிகோ இளைஞர் இசாக் டெல் தோரோவிடம் இருந்தது. 43 விநாடி பின்னால் எக்வடோரின் கரபாஸ். 1 நிமிடம் 21 விநாடி பின்னால், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பிரிட்டனின் சைமன் யேட்ஸ். அன்றைய மலை கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே. 2,178 மீட்டர் உயரம், மேல்பாதியில் தார் கிடையாது, வெறும் சரளை மண். 2018-இல் இதே யேட்ஸ் பிங்க் ஜெர்சியோடு இதே மலைக்கு வந்தார். அன்று கால் விட்டுப்போய் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். அதே நாளில்தான் பிரிட்டனின் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாக ஓடி அந்த ஜிரோவைக் கைப்பற்றினார்.

இந்தத் தடவை யேட்ஸ் அதே மலையில் கிளம்பினார். பின்னால் இருந்த இருவரும் ‘நீ துரத்து’, ‘இல்லை, நீ துரத்து’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கரபாஸ் இழுத்தால் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு டெல் தோரோ சும்மா வந்துவிடுவார். கரபாஸுக்கு அதில் என்ன லாபம்? டெல் தோரோவோ தனக்கு வேண்டியது கரபாஸைப் பிடித்து வைப்பது மட்டும்தான் என்று நினைத்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் யேட்ஸின் அணிக்காரர் வான் ஆர்ட் காத்திருந்தார். காலையிலேயே முன்னால் ஓடிய கூட்டத்தோடு அவரை அனுப்பி வைத்ததே இதற்காகத்தான். பள்ளத்தாக்கில் அவர் காற்றை வாங்கிக்கொள்ள, யேட்ஸ் பின்னால் ஒண்டிக்கொண்டு போனார். கடைசியில் டெல் தோரோவைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னிலையில் ஜிரோ யேட்ஸுக்கு. இந்த சீசனில் ஒரே ஒரு நாளை மறுபடியும் பார்க்கலாம் என்றால் எனக்கு அந்த நாள்தான்.

கேள்வி (கிள்ளான் லோரிக்காரர்): வான் ஆர்ட் பெரிய ஆள்தானே? மற்றவனுக்காக ஏன் உழைக்கிறார்? அதற்குத் தனிச் சம்பளமா?

பதில்: சம்பளமே அதற்குத்தான் அண்ணே. ஒரு அணியில் டூருக்கு எட்டுப் பேர் போவார்கள். ஜெயிக்கப் போகிறவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்கள் காற்றைத் தடுப்பார்கள், காரிலிருந்து தண்ணீர் போத்தல் எடுத்து ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள், தலைவருக்குச் சக்கரம் போனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். நீங்கள் லோரி ஓட்டுகிறவர், காற்று என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். இந்த விளையாட்டின் தந்திரம் எல்லாம் அங்கிருந்துதான் பிறக்கிறது. டூர் வெற்றியாளருக்கு 5 லட்சம் யூரோ பரிசு. வழக்கப்படி அதை அணியில் பங்கு போட்டுவிடுவார்கள்.

கேள்வி (ராவாங் தங்கச்சி): எங்கள் அஸிஸுல்ஹஸ்னி உலகச் சாம்பியன்தானே? அவர் ஏன் டூருக்குப் போகவில்லை?

பதில்: அவர் 2017-இல் கெய்ரின் என்ற குறுகிய வேகப் போட்டியில் உலகச் சாம்பியன், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. எல்லாம் வெலோட்ரோமுக்குள். நீலாயில் இருக்கிறதே, அந்த மாதிரி சாய்வான தடம். அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. கெய்ரின் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அவரை மலையேற்றுவது 100 மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தானுக்கு அனுப்புவதுதான். சாலையில் நம் ஆள் என்றால் அனுவார் மானான். 2010-இல் நம் நாட்டில் பல நாள் ஓடும் லங்காவி டூரில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்தார். அதற்கு முன்னால் அதில் எந்த மலேசியரும் ஒரு கட்டம்கூட ஜெயித்ததில்லை.

கேள்வி (கெப்போங் சைக்கிள்காரன்): லங்காவி டூர் என்கிறார்கள், ஆனால் சாலையை மூடுவது எங்கள் பக்கத்தில்! ஐரோப்பாவின் பெரிய அணிகள் இந்த வெயிலில் ஏன் வருகின்றன?

பதில்: 1996-இல் தொடங்கியபோது வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. சில ஆண்டுகளில் போட்டி அந்தத் தீவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பெரிய அணிகள் வருவது புள்ளிக்காக. உயர்மட்ட அணிகள் 18. மூன்று ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டி, கீழே இருப்பவர்களை இறக்கிவிடுவார்கள். 2023 முதல் 2025 வரையிலான கணக்கு இந்த சீசனோடு முடிந்தது. கோஃபிடிஸ், அர்க்கேயா இரண்டும் கீழே போயின. அஸ்தானா கிட்டத்தட்ட மூழ்கியே போயிருந்தது. 2025 முழுக்கச் சின்னச் சின்னப் போட்டிகளாகத் தேடிப் போய்ப் புள்ளி பொறுக்கிக் கரையேறிவிட்டது. இப்போது கணக்கைப் பாருங்கள்: டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டம் ஜெயித்தால் 210 புள்ளி. லங்காவி டூரை மொத்தமாக ஜெயித்தால் 200. எது சுலபம்? அதுவும் போட்டி இப்போது செப்டம்பர் கடைசியில், கணக்கு முடிக்கிற நேரத்தில் வருகிறது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பிழைப்புக்காக ஓடுகிறவர்களின் ஓட்டத்தில் பாசாங்கு இருக்காது.

பார்க்கப் போவதென்றால் முடிவுக்கோட்டுக்குப் போகாதீர்கள், ஐந்து விநாடியில் எல்லாம் பறந்துவிடும். மலை இருக்கிற ஆண்டில் மலைக்குப் போங்கள். 2022-இல் கெந்திங் ஏற்றத்தில் கொலம்பியாவின் சோசா ஜெயித்து, கடைசியில் போட்டியையே எடுத்தார். அந்த மாதிரி ஏற்றத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கலாம். கழுத்துக்குப் பின்னால் ஜெர்சிக்குள் மேடாக ஏதோ தெரியும். பெண்கள் போடும் மெல்லிய காலுறையை வெட்டி, உள்ளே ஐஸ் போட்டு முடிச்சுப் போட்டது. உருகி முதுகில் வடிந்துகொண்டே இருக்கும். காலி போத்தலை ஓரத்தில் வீசுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் வீட்டுக்கு ஒன்று நிச்சயம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஐந்து, ஆறு மணி நேரம் ஓட்டுகிறார்களே, ஒன்றுக்கு வந்தால்?

பதில்: போட்டி சூடுபிடிப்பதற்கு முன்னால் கூட்டமாக ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் யாரும் தாக்கி ஓடக் கூடாது, எழுதாத சட்டம். மக்கள் நிற்கிற இடத்தில் போனால் அபராதம் உண்டு.

கேள்வி (பட்டர்வொர்த் மாமா): வுவெல்டாவில் கடைசி நாள் என்ன ஆயிற்று? பரிசளிப்பைக் காட்டவே இல்லையே.

பதில்: மாட்ரிட்டில் பாலஸ்தீன ஆதரவாளர்கள் சாலைக்குள் வந்துவிட்டார்கள், கட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். வெற்றியாளர் டென்மார்க்கின் விங்கேகார். மேடை கிடையாது. அன்று இரவு ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் பெட்டிகளைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று கொண்டாடினார்கள். பெரிய மேடைகளைவிட அந்தப் படம்தான் எனக்கு மனதில் நிற்கிறது.

கேள்வி (செந்தூல் அக்கா, மறுபடியும்): சரி, வருகிற ஆண்டு எதைப் பார்க்கட்டும்? பதினொரு மணிக்கு மேல் என்னால் விழித்திருக்க முடியாது.

பதில்: அப்படியென்றால் டூர் உங்களுக்குச் சிரமம் அக்கா. பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்தரைக்கு முடிந்தால் இங்கே இரவு பதினொன்றரை. ஜனவரியில் அடிலெய்டில் தொடங்குங்கள். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏப்ரலில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள்: பாரிஸ்–ரூபே. சுமார் 260 கிலோமீட்டர், அதில் 55 கிலோமீட்டர் கல் பாவிய பழைய பாதை. 2025-இல் போகாச்சார் அங்கே முதல்முறையாக வந்தார். வான் டெர் பூலோடு தனியாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், முடிவுக்கு 38 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவுக்குள் வேகமாகப் போய் விழுந்தார். வான் டெர் பூல் தொடர்ந்து மூன்றாவது தடவை ஜெயித்தார். விழுந்தவர் எழுந்து ஓட்டி இரண்டாவதாக வந்தார், 1 நிமிடம் 18 விநாடி பின்னால். 2025 முடியும்வரை போகாச்சார் எடுக்காத மானுமென்ட் இரண்டில் அது ஒன்று. சான் ரெமோ மற்றது. ஆகவே தெரிந்த முடிவு என்று சொல்ல முடியாத இடங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன அக்கா.